மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாள். நன்றாக ஆடுகிறாளா என்று நமக்கு எப்படித் தெரியும்?

பள்ளியிலிருந்து ஒரு நோட்டீஸோடு வந்து, தோழிகள் எல்லாரும் சேர்கிறார்கள் நானும் சேரட்டுமா என்று பிள்ளை கேட்பாள். நாமும் பணம் கட்டி, கிளவும் ஹெல்மெட்டும் வாங்கி, சனிக்கிழமை காலையில் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிடுவோம். மூன்றாவது வாரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். நம்ம பிள்ளை நல்லா ஆடுறாளா, சுமாரா, இல்லை மற்றவர்கள் மரியாதைக்குக் கைதட்டுகிறார்களா?

அமெரிக்காவுக்கு வந்து, பெண்ணை முதல்முறையாக சாஃப்ட்பாலில் (பேஸ்பால் மாதிரிதான், பந்தைக் கீழ்க்கையாகச் சுற்றிப் போடுவார்கள்) சேர்த்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் ஆறு வருஷமாக இந்த வேலியோரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் கோச் இல்லை, ஸ்கோர் எழுதுகிற அப்பா, அவ்வளவுதான். பெரியவள் எட்டு வயதில் ஆரம்பித்தாள். கிரிக்கெட் தெரிந்தவனுக்கு இதென்ன பெரிய விஷயம் என்ற நினைப்பில் முதல் சீசன் முழுக்க "பேட்டை நேரா வைம்மா" என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன மொழி என்று கேட்டார், என்ன சொல்கிறேன் என்று கேட்கவில்லை, நல்லவேளை.

இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது இதுதான். பெற்றோர் பந்தைப் பார்க்கிறோம், கோச் பந்து இல்லாத இடத்தைப் பார்க்கிறார். ஒரே மைதானத்தில் ஆளுக்கொரு ஆட்டம் பார்த்துவிட்டு, அப்புறம் ஒரே பிள்ளையைப் பற்றிப் பேச உட்காருகிறோம். முக்கால்வாசி மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது. கோச் பார்ப்பதை நாமும் கொஞ்சம் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில், எந்த வயது ஆட்டம் என்று பாருங்கள்

10யூ என்றால் பத்து வயதும் அதற்குக் கீழும், 12யூ என்றால் பன்னிரண்டும் அதற்குக் கீழும். பேஸ் என்றால் ஓடிப்போய்த் தொட வேண்டிய இடம்; ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் நடுவே 60 அடி, அது 10யூவிலிருந்து கல்லூரி வரை மாறாது. பிட்சர், அதாவது பந்து போடுகிறவள், நிற்கும் தூரம்தான் மாறும்: 10யூவில் 35 அடி, 12யூவில் 40, அதற்கு மேலே 43. பந்தும் 10யூவில் 11 அங்குலச் சுற்றளவு, 12யூவிலிருந்து 12 அங்குலம். எட்டு வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் கோச்சோ மெஷினோதான் பந்து போடும். பிள்ளைகளே பிட்ச் பண்ணத் தொடங்குவது 10யூவில்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு வயதிலும் ஆட்டமே வேறு. 10யூவில் பிட்சருக்கு ஸ்ட்ரைக் (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வருகிற பந்து) போட வந்தால் அந்த அணி ஜெயிக்கும். வராவிட்டால் வாக் (நான்கு பந்து வெளியே போனால் பேட்டர் சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போவது), கேட்சரை, நம் விக்கெட் கீப்பர் மாதிரி நிற்பவளை, தாண்டி ஓடும் பந்து, ஸ்டீல் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது), மறுபடி வாக் என்று முக்கால் மணி நேரம் யாரும் பந்தைத் தொடாமலே ரன் ஏறும். அந்த வயதில் கோச் தேடுவது ஸ்ட்ரைக் போடுகிறவளை, பின்னால் நின்று பந்தை நிறுத்துகிறவளை, அப்புறம் ஃபர்ஸ்ட் பேஸில் நின்று எறிகிற பந்தைப் பயப்படாமல் பிடிக்கிறவளை. அடிக்கிறவள் நான்காவதுதான். 12யூவுக்குப் போனதும் பிட்சர்களுக்கு ஸ்ட்ரைக் வந்துவிடும், அப்போது வரிசை தலைகீழாகும்.

2. கிரிக்கெட் கண்ணைக் கொஞ்சம் கழற்றி வையுங்கள்

கிரிக்கெட்டில் அவுட் ஆனால் கதை முடிந்தது. அந்தப் பழக்கத்தில் மகள் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆனதும் நம் முகம் தொங்கிப்போகும். இங்கே அவள் இன்னும் இருபது நிமிஷத்தில் மறுபடி ஆட வருவாள். பத்து முறையில் மூன்று முறை அடித்து பேஸுக்குப் போனால் நல்ல பேட்டர் என்று பெயர்; அதாவது நல்ல பேட்டருக்குக்கூட ஏழு முறை தோல்வி. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விடுவது நமக்கு அழகு. இங்கே இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு ஓரமாக வருகிற பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அம்பயர் கையைத் தூக்கிவிடுவார்.

நமக்குச் சாதகமான இடம் எறிவது. எறிகிற கையைப் பார்த்தே ஆளை எடைபோடுகிற கண் நம்மில் பலருக்கு உண்டு, அது இங்கேயும் செல்லும். இலக்கை நோக்கி எதிர்க்கால் போகிறதா, முழங்கை தோள் உயரத்துக்கு வருகிறதா, எறிந்த பிறகு உடம்பு முன்னால் போகிறதா என்று பாருங்கள். ஆனால் பிடிப்பது வேறு. வெறுங்கையால் பந்தை அள்ளுவதைப் பார்த்து நாம் சபாஷ் போடுவோம். கோச் அதைப் பார்த்து முகம் சுளிப்பார், கிளவ் எதற்கு இருக்கிறது என்று.

3. ஒரு இன்னிங்ஸ் முழுக்கப் பந்தைப் பார்க்காதீர்கள்

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதை ஒருமுறை செய்து பாருங்கள். உங்கள் பெண்ணின் அணி ஃபீல்டிங் செய்கிற ஏதாவது ஒரு இன்னிங்ஸைத் தேர்ந்தெடுங்கள். பந்து எங்கே போனாலும் சரி, கூட்டம் கத்தினாலும் சரி, அவளை மட்டும் பாருங்கள். ரொம்பக் கஷ்டம். கண் தானாகப் பந்துக்கு ஓடும், கழுத்தைப் பிடித்துத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிட்சர் கையைச் சுற்றத் தொடங்கும்போது அவள் முட்டியை மடக்கித் தயாராக நிற்கிறாளா, கிளவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறாளா? பந்து அடிபட்டதும் அவளுடைய முதல் அடி எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு சீக்கிரம்? பந்து அவளிடம் வரவில்லை என்று தெரிந்த பிறகும் எங்காவது ஓடுகிறாளா? எத்தனை அவுட், யார் எந்த பேஸில் என்று பக்கத்தில் இருப்பவளிடம் விரல் காட்டிச் சொல்கிறாளா? இதுதான் கோச் பார்க்கிற ஆட்டம்.

ஒரு உதாரணம். 10யூவில் ரைட் ஃபீல்ட் (ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பின்னால் இருக்கிற வெளி மைதானம்) என்றால் பெற்றோர் மனதுக்குள் அழுவார்கள். அடி வராத இடம், சுமாரானவளை ஒதுக்கி வைக்கிற இடம் என்று. ஆனால் அங்கே நிற்பவளுக்கு ஒரு வேலை உண்டு. இன்ஃபீல்டில், அதாவது பேஸ்களை ஒட்டிய உள் மைதானத்தில், யார் பந்தை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தாலும் அவள் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பின்னால் ஓடிவந்து நிற்க வேண்டும், தவறிப் போனால் நிறுத்துவதற்கு. ஒரு ஆட்டத்தில் எதிரணியின் ரைட் ஃபீல்டில் ஒல்லியாக, பெரிய ஹெல்மெட்டோடு ஒரு பிள்ளை இருந்தாள். நான்கு இன்னிங்ஸில் அவளிடம் ஒரு பந்துகூட வரவில்லை, பேட்டிங்கில் ஒரு ஹிட் இல்லை. அடுத்த ஆகஸ்டில் எங்கள் கோச் அவளைத்தான் முதலில் எடுத்தார். எனக்கு ஆச்சரியம், கேட்டேன். "அன்றைக்கு ஒன்பது கிரவுண்டர் (தரையில் உருண்டு வருகிற அடி), ஒன்பது தடவையும் ஓடி வந்தாள், ஒன்றுகூடத் தவறிப் போகவில்லை என்று தெரிந்த பிறகும்" என்றார். நான் அதே ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதியவன். அந்தப் பிள்ளை அங்கே நின்றாள் என்பதே எனக்கு நினைவில்லை.

வயது கூடக்கூட ரைட் ஃபீல்டின் மதிப்பும் கூடும் என்பதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 60 அடி பேஸ் என்பதால் ரைட் ஃபீல்ட் கிட்டத்தில்தான் இருக்கிறது, கை பலமுள்ள பிள்ளை அங்கிருந்து நேராக ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்து, ஹிட் என்று எல்லாரும் நினைத்த அடியையே அவுட் ஆக்கிவிடுவாள்.

4. ட்ரைஅவுட்டில் அந்த அட்டையில் என்ன எழுதுகிறார்கள்

ரெக் லீக்கில் (யாரும் சேரக்கூடிய உள்ளூர் லீக்) ட்ரைஅவுட், அதாவது ஆளெடுக்கும் தேர்வு, என்பது பிள்ளைகளை அணிகளுக்குச் சமமாகப் பிரித்துப்போடத்தான், பெரும்பாலும் யாரையும் வெளியேற்ற மாட்டார்கள். ஒவ்வொரு திறமைக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை அட்டையில் மதிப்பெண் போட்டு, கோச்சுகள் உட்கார்ந்து முறை வைத்து ஆளெடுப்பார்கள். டிராவல் பால், அதாவது ஆள் தேர்ந்தெடுத்து ஊர் ஊராகப் போய் ஆடுகிற அணிகள், வேறு ரகம். அங்கே பதினொன்று பன்னிரண்டு இடத்துக்கு முப்பது நாற்பது பேர் வருவார்கள், இடம் கிடைக்காமலும் போகும்.

எங்கள் ஊரில் டிராவல் ட்ரைஅவுட் ஆகஸ்டில், வெயிலுக்குப் பயந்து காலை எட்டு மணிக்கு. முதுகில் காகித எண்ணைக் குத்திவிடுவார்கள். எறிந்து பிடித்துக் கைகால் சூடேற்றுவது, ஐந்து கிரவுண்டர், மூன்று உயரப் பந்து, பத்து ஸ்விங், ஹோமிலிருந்து (பேட்டர் நிற்கிற இடம்) ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஒரு ஓட்டம். ஒரு பிள்ளைக்கு மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். அரைமணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். சூடேற்றிக்கொள்ளும்போது எறிவதையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் பெண் முதல் தடவை போனபோது, அட்டை வைத்திருந்தவருக்குப் பின்னாலேயே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதுவது தெரியவில்லை, எப்போது எழுதுகிறார் என்று மட்டும் தெரிந்தது. நன்றாகப் பிடித்தபோதெல்லாம் அவர் பேனா பெரும்பாலும் அசையவில்லை. ஒரு பிள்ளைக்குப் பந்து கால்களுக்கு நடுவே போய்விட்டது. திரும்பினாள், ஓடினாள், எடுத்து மூச்சிரைக்க ஃபர்ஸ்ட் பேஸுக்கு விட்டெறிந்தாள். பேனா அசைந்தது. நான்கு பந்தை அழகாக எடுத்த இன்னொருத்தி ஐந்தாவதைத் தவறவிட்டு மண்ணை உதைத்தாள். அதற்கும் அசைந்தது. என் பெண்ணும் ஒன்றைத் தவறவிட்டாள். பந்து உருண்டு போய்க்கொண்டே இருக்க, அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்திக் கத்தி அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவன் நான்தான். அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை.

இடம் கொடுத்தால் உடனே ஆமாம் சொல்லாமல் நான்கு கேள்வி கேளுங்கள். அணியில் மொத்தம் எத்தனை பேர், பிட்சர் கேட்சர் எத்தனை, என் பெண்ணை எங்கே நினைத்துப் பார்க்கிறீர்கள், சீசனுக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு செலவு. அணியின் பெயரோடு கோல்ட், எலீட் என்று ஒட்டியிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பெயர் வைக்கக் காசு வேண்டாமே.

5. எண்களை நம்புங்கள், யார் எழுதினார்கள் என்று பார்த்துவிட்டு

இப்போது பெரும்பாலான அணிகள் கேம்சேஞ்சர் போன்ற செயலியில்தான் ஸ்கோர் எழுதுகின்றன. ஆட்டம் முடிந்த கையோடு பேட்டிங் சராசரி, ஆன்-பேஸ் விகிதம் (எத்தனை தடவையில் எத்தனை தடவை பேஸுக்குப் போனாள் என்பது) எல்லாம் போனில் வந்து நிற்கும், பெற்றோர் அதைப் பார்த்துக்கொண்டே பார்க்கிங்கில் நடப்பார்கள். எழுதியவர் யார்? என்னைப் போல ஒரு அப்பா. ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நிற்பவள்) தவறவிட்டால் அது எர்ரர், பேட்டருக்கு ஹிட் கிடையாது. ஒருநாள் என் பெண் அடித்த பந்துக்கு நான் ஹிட் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தவள், "அப்பா, இது எர்ரர்தானே? அவ காலுக்கு நடுவுல போச்சு, நான் பார்த்தேன்" என்றாள். மாற்றினேன். அதன் பிறகு மற்ற பிள்ளைகளுக்கு நான் எழுதியதையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன், வேண்டாம், அந்தக் கதை.

அதோடு, எண்ணிக்கை ரொம்பச் சின்னது. ஒரு ரெக் சீசனில் ஒரு பிள்ளை முப்பது தடவை அடிக்க நின்றால் அதிகம். முப்பதில் ஒன்பது ஹிட் என்றால் .300, பதினொன்று என்றால் .367. இந்த வித்தியாசம் மட்டையின் நுனியில் பட்டு யாரும் இல்லாத இடத்தில் விழுந்த இரண்டு பந்து.

10யூவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பிட்சருக்கு ஸ்ட்ரைக் வராத ஆட்டத்தில், மட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு வாக் மேல் வாக் கிடைக்கும், ஆன்-பேஸ் விகிதம் .600 என்று மின்னும். பெற்றோருக்குச் சந்தோஷம். பன்னிரண்டு வயதில் எதிரே ஸ்ட்ரைக் போடுகிறவள் வந்து நின்றதும்தான், மட்டையை வீசவே இந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளவில்லை என்று தெரியும். அதே 10யூவில் முழு வீச்சாக வீசிவீசிக் காற்றை வெட்டிக்கொண்டிருந்தவள், எல்லாரும் பாவம் என்று பார்த்தவள், இரண்டு வருஷம் கழித்து வேலியை அடிப்பாள். நான் பார்த்த வரையில் கோச்சுகள் இரண்டாமவளைத்தான் விரும்புகிறார்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லிக்கொடுப்பது சுலபம், பயத்தைப் போக்குவது சுலபமில்லை.

சரி, எதை எண்ணுவது? நான் ஒரு சின்ன நோட்டில் மூன்று மட்டும் குறிக்கிறேன். அவுட் ஆனாலும் பரவாயில்லை, பந்தை மட்டையின் நடுவில் சத்தமாக அடித்தது எத்தனை. ஸ்ட்ரைக்குக்கு வீசியது எத்தனை, வெளியே போகிற பந்துக்கு வீசியது எத்தனை. பிட்ச் பண்ணினால், பத்துப் பந்தில் கேட்சர் கிளவை அதிகம் நகர்த்தாமல் பிடித்தது எத்தனை. ஏழெட்டு ஆட்டம் சேர்ந்த பிறகுதான் திருப்பிப் பார்ப்பேன்.

ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் போதும். மட்டையில் பந்து பட்டதும் அழுத்தி, கால் பேஸில் பட்டதும் நிறுத்துங்கள். கல்லூரியில் ஆடும் வேகமான இடதுகை பேட்டர்கள் இந்த 60 அடியை மூன்று நொடிக்குள் கடப்பார்கள்; உங்கள் பத்து வயதுப் பிள்ளையை அதோடு ஒப்பிட வேண்டாம், மூன்று மாதத்துக்கு முந்தைய அவளோடு ஒப்பிடுங்கள். பிட்சரின் வேகத்தை ராடாரில் அளந்து, அணி உட்காருகிற டக்அவுட் பக்கத்தில் பேசிக்கொள்கிறவர்களும் உண்டு. வேகம் முக்கியம்தான்: 35 அடியிலிருந்து மணிக்கு 40 மைல் வேகத்தில் வருகிற பந்துக்கு சுமார் 0.6 நொடி இருக்கிறது, 43 அடியிலிருந்து 65 மைலில் வந்தால் 0.45 நொடிதான். ஆனால் பத்து வயதில் எங்கே போடுகிறாள் என்பதற்கு அடுத்துத்தான் எவ்வளவு வேகம். 400 டாலர் மட்டை வாங்கினால் தூரம் போகுமா என்று கேட்காதீர்கள், பட்டால் போகும்.

6. பிறந்த தேதி, உயரம்

வயதுப் பிரிவுக்கு ஒரு கட்-ஆஃப் தேதி இருக்கும், அமைப்புக்கு அமைப்பு வேறுபடும், சேரும்போதே கேட்டுவிடுங்கள். ஒரே 10யூ அணியில் கிட்டத்தட்ட இரண்டு வயது வித்தியாசத்தில்கூடப் பிள்ளைகள் நிற்பார்கள். 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கியில் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்தபோது, மேல்மட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு அதிகமாக இருந்தார்கள். கட்-ஆஃபுக்குப் பக்கத்தில் பிறந்து கொஞ்சம் மூத்தவர்களாக இருந்ததைத் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள், எடுத்தவர்களுக்கு நல்ல பயிற்சி கிடைத்தது, அது நிஜத் திறமையாகவும் ஆனது.

பெண் பிள்ளைகள் சராசரியாகப் பதினொன்று பன்னிரண்டு வயதில்தான் மளமளவென்று உயர்வார்கள். சிலர் ஒன்பதிலேயே ஆரம்பித்துவிடுவார்கள், 10யூவின் நட்சத்திரம் அவர்கள்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் பல நேரம் அணியிலேயே சின்ன உருவமாக நிற்பதைப் பார்த்து நாமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். உயரத்தைக் கழித்துவிட்டு கால் எப்படிப் போகிறது, கை எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

7. கோச்சிடம் எப்போது, எதைக் கேட்பது

ஆட்டம் முடிந்த உடனே கேட்காதீர்கள். பல டிராவல் அணிகளில் 24 மணி நேரம் கழித்துத்தான் பேச வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். கேட்கும்போது அடுத்த பிள்ளையின் பெயர் வாயில் வரக்கூடாது. "அவள் ஏன் ஷார்ட்ஸ்டாப், என் பெண் ஏன் இல்லை" என்ற கேள்விக்கு எந்த கோச்சும் உண்மையான பதில் சொல்ல மாட்டார். "அடுத்த இரண்டு மாதத்தில் இவள் எந்த ஒன்றைச் சரிசெய்தால் உங்களுக்கு உபயோகம்" என்று கேளுங்கள், சொல்வார். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் அவளையே கேட்கச் சொல்லுங்கள்.

கோச்சின் மகள்தான் ஷார்ட்ஸ்டாப், அவள்தான் முதல் பேட்டர் என்ற புலம்பல் எல்லா மைதானத்திலும் உண்டு, இதற்கு 'டாடி பால்' என்று பெயரே இருக்கிறது. சில இடத்தில் நிஜம். ரெக் லீக் கோச் சம்பளம் இல்லாமல் வருகிற ஒரு அப்பாவோ அம்மாவோதான், தன் பிள்ளையைப் பார்க்கும்போது அவர் கண்ணும் நம் கண் மாதிரியே. ஆனால் குற்றம் சொல்வதற்கு முன்னால் அந்தப் பிள்ளையை ஒரு இன்னிங்ஸ், மேலே சொன்ன மாதிரி பந்தைப் பார்க்காமல் பாருங்கள். தினமும் சாயங்காலம் கொல்லைப்புறத்தில் நூறு பந்து பிடிக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். பார்த்த பிறகும் அநியாயம் என்று பட்டால் சீசன் முடிந்ததும் வேறு அணி தேடுங்கள், நடுவில் வேண்டாம்.

கல்லூரி ஸ்காலர்ஷிப் கணக்கோடு பத்து வயதில் பதறுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2018-ல் வந்த விதிப்படி என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) டிவிஷன் 1, அதாவது மேல்மட்டப் பிரிவு, கோச்சுகள் பதினொன்றாம் வகுப்பு செப்டம்பர் 1 வரை உங்கள் பெண்ணிடம் சேர்க்கை பற்றிப் பேசவே முடியாது. 10யூ மைதானத்தில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யாரோ ஒரு தாத்தா.

8. வீடியோ எடுங்கள், அன்றைக்கே பார்க்காதீர்கள்

வலதுகை பேட்டர் என்றால் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்து வேலியிலிருந்து எடுத்தால் முகமும் மட்டையும் தெரியும். போனை வேலிக் கம்பி ஓட்டைக்குள் வைத்து, ஸ்லோ மோஷனில், ஒரு ஆட்டத்துக்கு நான்கைந்து ஸ்விங் போதும். தேதியோடு தனி ஃபோல்டரில் போட்டுவையுங்கள். ஆறு மாதம் கழித்து பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளோடு உட்கார்ந்து பாருங்கள். யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்காது, "ஐயோ, நான் அப்போ கண்ணை மூடிக்கிட்டா அடிச்சேன்?" என்று அவளே கேட்பாள், என் பெண் கேட்டாள். போனில் இடம் போதவில்லை என்றால் பழைய வீடியோ எதையாவது அழிக்க வேண்டியிருக்கும். எதை அழிக்கிறீர்கள் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் மைத்துனர் கல்யாணத்தை அழித்துவிட்டேன்.